ஒரு தடவைக்கு மேல் கேட்காத மாதம்

என் மனைவி ஆரம்பப் பள்ளி டீச்சர். நான் எட்டாம் வகுப்பில் மஞ்சள்காமாலை வந்து இரண்டு மாதம் படுத்தவன், எழுந்த பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. கூடப் படித்தவர்கள் அரைப்பரீட்சையே எழுதி முடித்திருந்தார்கள். இனிப் போனால் சிரிப்பார்களே என்று பயம். அதற்குப் பிறகு நான் எடுத்த முடிவுகளில் பாதி இப்படிப் பயந்து எடுத்தவைதான். இப்போது சுசீந்திரம் போகிற ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், பிளஸ் டூ படிக்கிற ஒரு மகள்.

மாதாமாதம் இலக்கு எழுதுகிற பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது மனைவிதான். சர்ச்சில் பெண்கள் சங்கத்துக்கு யாரோ வெளியூரிலிருந்து வந்து வகுப்பு எடுத்துவிட்டுப் போனார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு குடும்பமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். தினமும் செய்தால் சரி, தவறினால் பெருக்கல் குறி. இதுவரைக்கும் பரவாயில்லை. அவள் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்ததும், பைபிளைத் திறக்கும் முன்பு குறி போட வேண்டும்.

"அப்பதான் யாரும் கள்ளம் சொல்ல மாட்டாவ," என்றாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை மேய்க்கிறவளின் யோசனை. ஆனால் மடியில் வேதபுத்தகத்தை வைத்துக்கொண்டு போட்ட குறி எங்கள் வீட்டில் சத்தியம் மாதிரி ஆகிப்போனது. பொய்யாக ஒரு சரி போட்டுவிட்டு எப்படி ஆமென் சொல்ல முடியும்?

முதலில் சில மாதங்கள் என் இலக்கை நானே எழுதினேன். எட்டு மணிக்குள் கடை திறப்பேன், வெற்றிலை போட மாட்டேன், இப்படி. அப்புறம் ஒரு மாதம் மகள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இந்த மாசம் அப்பாக்க இலக்கை நானும் அம்மாவும் எழுதுதோம்."

"அதென்ன, எனக்க இலக்கை நீங்க எழுதுதது?"

"ஒங்கள எழுத விட்டா கடையைத் தூத்துப் பெருக்குவேன்னு எழுதுவிய," என்றாள் மனைவி. "தூத்துப் பெருக்குததெல்லாம் ஒரு இலக்கா?"

மகள் எழுதியதை நான் எழுத்துக் கூட்டுகிறவன் போல மெல்ல வாசித்தேன். ஒரு விஷயத்தை ஒரு தடவைக்கு மேல் கேட்பதில்லை.

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"கேஸ் அடைச்சாச்சா, கேஸ் அடைச்சாச்சான்னு நாலு தரம். பஸ் ஏறினியா, பஸ் ஏறினியான்னு ஆறு தரம்," என்றாள் மகள். "எனக்கு போன் வந்தாலே பிள்ளைகள், ஏட்டி, ஒனக்க அப்பா விளிக்காவ எடுன்னு சிரிக்குதுவ."

"வெப்ராளம் பிடிச்ச மனுசன்," என்று என் பதற்றத்துக்குப் பேர் வைத்தாள் மனைவி. "ஒரு தரம் கேட்டா பதில் சொல்லுவோம்லா? பெறவும் ஏன் கேக்கணும்? எங்க மேல நம்பிக்கை இல்லியா?"

வகுப்பில் ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்பதற்கு அவளுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. இதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு இதெல்லாம் மறுநாள்தான் தோன்றும்.

அவள் தனக்கு எழுதிக்கொண்டது தினமும் எட்டாயிரம் அடி நடப்பது. சர்க்கரை இருந்தது, நடக்கச் சொல்லி டாக்டர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனே அடிகளை எண்ணிச் சொல்லும். மகளுக்குத் தினம் ஒரு பழைய வினாத்தாள். குடும்பத்துக்கு, ஒரு பெருக்கல் குறிகூட இல்லாத மாதம்.

முதல் வாரம் எனக்கு மூச்சு முட்டியது. கேஸ் அடைத்தாயா என்று ஒரு தரம் கேட்பேன். அடைச்சாச்சு என்பாள். பிறகு தண்ணீர் குடிக்கிற சாக்கில் நானே அடுக்களைக்குப் போய் சிலிண்டரைத் தொட்டுப் பார்ப்பேன். மகளுக்கு ஒரு தரம் போன் செய்துவிட்டு, அவள் வந்து சேரும்வரை கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கி, ஒரே ஓட்டையை மூன்று தரம் பார்ப்பேன். ஆனாலும் சரி விழுந்துகொண்டிருந்தது. வீட்டில் சிரிப்பு கூடியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "அப்பா சூப்பர்," என்று மகள் முதுகில் தட்டினாள். என் வாய் அடைபட்டதில் இவர்களுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று உள்ளுக்குள் எரிந்தது.

இரண்டாவது வாரம் மனைவி குளத்தங்கரையில் நடந்துவிட்டு வந்தபோது இடது காலைச் சரித்து வைத்தாள். நடப்பதற்கென்றே புதிதாக ஷூ வாங்கியிருந்தாள்.

"காலுக்கு என்ன?"

"ஷூ கடிச்சுது. ஒண்ணும் இல்ல."

முடிந்தது. எனக்கு உரிய ஒன்றைக் கேட்டாகிவிட்டது. அடுத்த நாளும் அதே மாதிரிதான் வந்தாள். நான் வாயைத் திறந்தேன். சாப்பாட்டு மேஜையில் வினாத்தாள் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். மூடிக்கொண்டேன். ஒரு நாள் மழை அடித்துக் கொட்டியது. அன்று அவள் ஷூவை மாட்டிக்கொண்டு வீட்டு ஹாலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாள், கையில் போனோடு, எட்டாயிரம் ஆகும்வரை. சர்க்கரையில் கால்விரல்கள் மரத்துப்போய்விட்டிருந்தது அவளுக்கே தெரியாது. வலித்திருந்தால் நின்றிருப்பாளா? அதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எங்கள் வீட்டில் துணி துவைப்பது நான். மூன்றாவது சனிக்கிழமை காலை, அவளுடைய இடது கால் சாக்ஸ் கையில் விறைப்பாகத் தட்டுப்பட்டது. விரல் பக்கம் வட்டமாக ஒரு கறை, ஓரத்தில் மஞ்சள், நடுவில் பழுப்பு. மோந்து பார்த்தேன். ஷூவுக்குள் வேர்க்கிற நாற்றம் எனக்குத் தெரியும், இது வேறு. துவைக்கிற கல்லருகே அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. சர்க்கரைக்காரர் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், தெருவுக்கு ஒருவர் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருக்கிறார். எப்போதும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் பதறுகிறவன் நான். இது ஒன்றுமில்லாதது அல்ல என்று கைக்கே தெரிந்தது.

கேட்கக்கூடாது என்றுதான் தாளில் இருந்தது, சொல்லக்கூடாது என்று இல்லை. உன் காலில் சீழ் வைத்திருக்கிறது, வா ஆஸ்பத்திரிக்கு என்பது கேள்வியா? எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் தாளைக் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை.

இருபது சரிக்குறிகள் வரிசையாக விழுந்திருந்தன. என் எந்த நோட்டிலும் அப்படி விழுந்ததில்லை. அதுகூடப் பெரிதில்லை. இன்னும் கொஞ்சம் வீங்கட்டும், இவளே வந்து, நீங்க கேட்டிருக்கணும் என்று சொல்லட்டும் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. கல்லருகே நின்றபோதே இருந்தது. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்க எனக்கு அவ்வளவு ஆசை. சாக்ஸைச் சோப்புத்தூளில் ஊறவைத்து, இரண்டு தரம் தேய்த்து, வெயிலில் காயப்போட்டேன்.

அன்று சாயங்காலம் இருபத்தொன்றாவது சரியைப் போட்டேன். மனைவி ஜெபம் பண்ணும்போது, இந்த வீட்டுக்குச் சமாதானம் தந்ததற்காக ஸ்தோத்திரம் சொன்னாள். நானும் ஆமென் என்றேன்.

இருபத்தாறாவது நாள் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் குளிர் ஜுரம் தூக்கிப்போட்டது. கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் ஆட்டோவில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இருக்கு இது? வீட்டுல யாருமே பாக்கலியா?"

அன்று ராத்திரியே ஆபரேஷன். இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

மறுநாள் மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அழுகை இல்லை.

"பேன் சத்தம் மாறினாக்கூட என்னன்னு நாலு தரம் கேக்கிய மனுசன். இதுக்கு மட்டும் ஏன் கேக்காம இருந்திய?"

நான் ஆசைப்பட்ட வார்த்தை ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டது.

"கேட்டேன்லா," என்றேன். "ஒரு தரம்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மருந்துச் சீட்டோடு கீழே போய் வரிசையில் நிற்கும்வரை அந்த நினைப்பு இருந்தது. அதற்குப் பிறகு சீட்டை முன்னால் நின்றவரிடம் கொடுத்து வாங்கித் தரச் சொல்லிவிட்டு, படியில் போய் உட்கார்ந்தேன்.

சங்கத்துப் பெண்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து, இதிலும் கர்த்தருக்கு ஒரு நோக்கம் இருக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். என்ன நோக்கம் என்று கேட்க வாய்வரை வந்தது. காப்பி வாங்கப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் இருக்கும். சாயங்காலம் ஹால் கட்டிலில் மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் அவள் கால்மாட்டில் பஞ்சும் மருந்தும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த மகள் திடீரென்று நிறுத்தினாள்.

"அப்பா, புண்ணு அவ்வளவு நாள் இருந்திருக்கு. அம்மாக்க சாக்ஸ்ல ஒண்ணுமே இல்லியா? நீங்கதானே தொவைப்பிய?"

அவள் குற்றம் சாட்டவில்லை. கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்க்கிற பிள்ளையின் முகம் அது.

"நான் பாக்கல்ல மக்கா."

"பாக்காம எப்படிப்பா தொவைச்சிய?"

"அந்த வாரம் நானாக்கும் தொவைச்சேன்," என்றாள் மனைவி கட்டிலிலிருந்து. "நனைச்சுப் போட்டுட்டேன், எனக்கும் தெரியல்ல. ஏட்டி, போய்ப் படி."

மகள் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அந்த மாதம் முழுக்க மனைவி துவைக்கிற கல் பக்கமே வரவில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் சாக்ஸில் கறையைப் பார்த்ததை எப்போது கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. ஒருவேளை ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோதே.

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன், நீயும்தானே ஹாலுக்குள் எட்டாயிரம் அடி நடந்தாய் என்று. அதை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் தலையணையை இழுத்து முதுகுக்குக் கொடுத்துக்கொண்டாள்.

"கட்டு இறுகிப்போச்சு. கொஞ்சம் அவுத்து விடுங்க."

குனிந்து அவிழ்த்தேன். அவள் என் தலைக்கு மேலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இன்னும்," என்றாள்.