நகுலேஸ்வரி மலை பார்க்கப் போனது

லண்டனின் மிச்சம் பகுதியில் உடுப்புத் திருத்திக் கொடுக்கும் சின்னக் கடை நகுலேஸ்வரியுடையது. ஐம்பத்தெட்டாவது வயதில் அவளுக்கு நடுப்பார்வை மங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். பஸ் ஓட்டும் கணவர் முருகேசன் ஒவ்வொரு முறையும் ஷிப்டை மாற்றிக்கொண்டு கூடப் போவார்.

காத்திருக்கும் அறையில் ஒரு படம் தொங்கியது. ஸ்பெயின் நாட்டில், கிரனாடாவின் சிவந்த அரண்மனை; அதன் பின்னால் பனி மூடிய மலைத்தொடர்.

"கண் முழுசாப் போக முதல் உந்த மலையை நேரில பாக்கோணுமப்பா."

எதையும் கேட்டறியாதவள் கேட்டுவிட்டாள். சித்திரையில் கூட்டிப் போனார்.

அல்ஹம்ப்ரா அரண்மனையின் கோட்டைக் கோபுரத்தில் கையைப் பிடித்து அவளை ஏற்றினார். மேலே வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. எதிரே சியரா நெவாடா, வெயிலில் பளீரென்று.

"மலையில புகார் மூட்டம் இன்னும் விலகேல்லையோ?" மலைக்கு நேரே முகத்தை வைத்தபடி கேட்டாள்.

முருகேசன் மலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஊசி வேலை செய்யுது என்று அவள் சொல்லிவந்ததை நம்பியிருந்தார்.

"ஓம், விலகேல்லை. கொஞ்சம் நிண்டு பாப்பம்."

அப்போது பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி அவரிடம் போனை நீட்டினாள். மலை இன்று எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, எங்களை ஒரு படம் எடுத்துத் தருவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அந்தப் பெண் சொன்னது நகுலேஸ்வரியின் காதிலும் விழுந்திருந்தது.

"ஏனப்பா எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"நீரும் சொல்லேல்லைத்தானே, நகுலா."

"சொல்லியிருந்தால் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டியள்."

அவர் அவளுடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

மறுநாள் பஸ் பிடித்து மலைக்கே போனார்கள். அவள் குனிந்து பனியை அள்ளி, துணியின் தரம் பார்ப்பவள்போல் விரல்களால் உரசினாள்.

"நல்ல வெள்ளையோ?"

"ஓம், கண் கூசுற வெள்ளை."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அவருடைய தோளில் முகத்தைப் புதைத்துக் குரலெடுத்து அழுதாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் அப்படி அழுது அவர் கண்டதில்லை. சுற்றிலும் சனம் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தது.

லண்டன் திரும்பிய கிழமையே கடையைப் பூட்டினாள். தைக்காமல் கிடந்த உடுப்புகளை முருகேசன்தான் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். கோலியர்ஸ் வுட்டில் துசியந்தி என்ற பெண், தன் கல்யாணச் சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, "அன்ரி எப்ப திரும்பத் திறப்பா?" என்று கேட்டாள். வாசலில் நின்றபடியே அவர் அழுதுவிட்டார்.