சுறா எண்ணெய் பூசிய பள்ளிக்கூடம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை இப்போதும் சொல்லிவிடுவேன். என் அம்மா. வள்ளம் கட்டுகிற சூசை மாமா. என்னோடு அஞ்சாம் கிளாஸ் படித்த பிலோமி. அவள் சித்தி ஞானம் டீச்சர். மத்தியானத்துக்கு மேல் வந்த ஹாஸ்டல் சிஸ்டர். அப்புறம் மற்றப் பிள்ளைகள், நான்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டி எங்கள் பள்ளிக்கூடம்... வெள்ளைக்காரன் காலத்தில் பர்மாத் தேக்கில் கட்டியது. உப்புக்காற்று பலகையை அரித்துவிடும் என்று, ஐப்பசி மழைக்கு முன்னால் வள்ளத்துக்குப் பூசுகிற மாதிரியே அதற்கும் சுறா எண்ணெய் பூசுவோம். மேல் பலகை ஆண்களுக்கு, கீழ்ப் பலகை பிள்ளைகளுக்கு.

அந்த வாடை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது.

"ஏளா, நீதான் கெட்டிக்காரி. ஜன்னலுக்குக் கீழ நீ பூசு" என்று ஞானம் டீச்சரே டின்னை என் கையில் தந்தாள். தேங்காய்க் கதம்பை நாரை முக்கி முக்கிப் பூசினேன். பிலோமி மட்டும் கஞ்சி போட்ட பாவாடையோடு ஓரமாக நின்றாள்.

"நீ பூசலியாளா?"

"எனக்கு வயித்து வலி."

மேலே ஏணியில் நின்ற சூசை மாமா, "வயித்து வலிக்காரிக்குத் தலையில கனகாம்பரம் எதுக்குளா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்...

அப்புறம் சிஸ்டர் வந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அஞ்சோடு சரி. அதற்கு மேல் ஹாஸ்டலில் வைத்து இலவசமாகப் படிக்கவைக்க ஒரு பிள்ளையைப் பார்த்துப் போக வந்தாராம். கிளாஸில் முதல் மார்க் நான்தான்.

அம்மா பதறிப்போனாள். "டீச்சர், பிள்ள தலையில ஒரு வாளித் தண்ணி ஊத்திக் கூட்டியாரேன்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. ஏளா, பின்னால போய் நில்லு. நாத்தம் தாங்கல" என்றாள் டீச்சர்.

போய் நின்றேன். சிஸ்டர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்வரிசைப் பிள்ளைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். பிலோமி ஹாஸ்டலுக்குப் போனாள். நான் வலை பின்னப் போனேன்.

போன மாசம் பேரன் அங்கே கூட்டிப்போனான். அதே கட்டடத்தை வார்னிஷ் அடித்து, போர்டு வைத்துப் பாதுகாக்கிறார்கள். பிள்ளைகள் செல்ஃபி எடுக்கிறார்கள். தேக்கு உறுதி, அதனால்தான் நிற்கிறது என்று போர்டில் இங்கிலீஷில் இருப்பதாகப் பேரன் படித்துச் சொன்னான். எண்ணெயைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஜன்னலுக்குக் கீழே குனிந்து மோந்து பார்த்தேன்... வார்னிஷ் வாடைதான்.

பிலோமி கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன் பண்ணுவாள். அன்றைக்கு அவள் சின்னப் பிள்ளை, சொன்னதைச் செய்தாள். அவள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. சிஸ்டருக்கு என்னைத் தெரியவே தெரியாது.

சிஸ்டர் வருவது தெரிந்து, அக்காள் மகளுக்குப் பூ வைத்துவிட்டு, என் கையில் டின்னைத் தந்தவள் ஒருத்தி உண்டு. செத்தபோது போய் மாலையும் போட்டேன். மன்னிக்க மட்டும் மாட்டேன்.

ஞானம் டீச்சர்.