சுமலதா மேடம் வேட்பாளர் ஆனார்

சேலத்தில் ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் சுமலதா அரசியலமைப்புச் சட்டம் நடத்திக்கொண்டிருந்தார். வீடு தர்மபுரியில். தினமும் தொப்பூர் கணவாய் வழியாகப் பேருந்தில் போய்வருவார். ஒரு தீர்ப்பை நடத்தி முடித்ததும், "தோத்தவங்க அப்புறம் எங்க போனாங்க?" என்று வகுப்பைக் கேட்பார். பரீட்சைக்கு வராத கேள்வி. 

ஒருநாள் காலை தொப்பூரில் பேருந்து நின்றுவிட்டது. சாலையை அகலப்படுத்துவதற்காக ஓரக் கடைகளை எடுக்கச் சொன்னதால் கடைக்காரப் பெண்கள் மறியலில் உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஓட்டுநரான கணவரை அதே கணவாயில் விபத்தில் இழந்து, அங்கேயே இட்லிக் கடை போட்ட ராமக்கா முன்வரிசையில் இருந்தார். சுமலதா இறங்கிப் போய் விசாரித்தார்.

"நீங்க வக்கீலுங்களா?" என்றார் ராமக்கா.

"சட்டம் நடத்துற டீச்சருங்க."

"கேஸ் போட்டா நிக்குமா?"

சுமலதாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இடம் அரசாங்கத்துதுங்க. கடைய எடுக்கக் கூடாதுன்னு கேட்டா நிக்காது. மாத்து இடம் கேளுங்க."

மாற்று இடம் கேட்டே வழக்குப் போட்டார்கள். அது கொள்கை முடிவு, அரசுதான் எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. வகுப்பில் எத்தனையோ முறை சாதாரணமாகக் கடந்துபோன வாசகம்தான். இந்த முறை சுமலதாவால் கடக்க முடியவில்லை. முடிவு எடுக்கிற இடத்தில் இந்தப் பெண்களுக்காகப் பேச ஆள் வேண்டும் என்று தோன்றியது. மறியலை நடத்திய இடதுசாரிக் கட்சியில் சேர்ந்தார். ஆசிரியர்கள் கட்சியில் இருக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. வேலையை விட்டார். அடுத்து வந்த சட்டமன்றத் தேர்தலில் கட்சி அவரை வேட்பாளராக நிறுத்தியது.

தர்மபுரியில் மருந்துக்கடை வைத்திருந்த கணவர் சின்னராஜ் வேலையை விட்டதற்குச் சண்டை போட்டார். பிறகு, "ஓட்டுப் போடுவேன். கொடி புடிக்கச் சொல்லாத" என்றார்.

"கொடி புடிக்க ஆளு இருக்காங்க. வண்டி ஓட்டத்தான் ஆளில்ல."

பிரசாரம் முழுக்கச் சின்னராஜ்தான் வண்டி ஓட்டினார். சுமலதா மூன்றாவதாக வந்தார்; டெபாசிட் போயிற்று. அன்றிரவு அழுதார். அடுத்த திங்கட்கிழமை ராமக்காவோடு கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய் நின்றார். அதன்பின் திங்கள் தவறவில்லை. அதிகாரிகள் மாறினார்கள், கோரிக்கை மாறவில்லை. கடைசியில் லாரிகள் நிறுத்தும் இடத்தையொட்டிக் கடைகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். பழைய இடத்தின் அளவுக்கு வியாபாரம் இல்லைதான். ஆனாலும் அடுப்பு எரிந்தது.

உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது மாவட்ட ஊராட்சி வார்டுக்கு நின்றார். மறு எண்ணிக்கைக்குப் பிறகு, சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

முதல் கூட்டத்திலேயே புதிய கடைகளுக்குக் குடிநீர்க் குழாய் எப்போது வரும் என்று கேட்டார். அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார் தலைவர். சுமலதா உட்காரவில்லை.

"மேடம், இது உங்க கிளாஸ் இல்லைங்க."

"தெரியுங்க. கிளாஸா இருந்தா மணி அடிச்சதும் போயிருப்பேன். இங்க பதில் வர்ற வரைக்கும் நிப்பேன்."

மற்ற உறுப்பினர்கள் சிலர் சிரித்தார்கள். இரண்டு பெண் உறுப்பினர்கள் தங்கள் வார்டுக்கும் குழாய் கேட்டு எழுந்தார்கள். கூட்டம் கலைவதற்குள் மூன்று வார்டுகளுக்கும் சேர்த்துத் தீர்மானம் நிறைவேறியது.