அறுத்த தூரி

நல்லூரில் எங்கள் வீடு மாடியில் இருந்தது. கீழே பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட். ஜவுளித் தொழில்நுட்பம் படித்து அதை நடத்தியவன் நான். அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

மூத்த மகனின் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. சட்டைக் கழுத்து லேபிள் உரசினாலே அலறுவாள். குக்கர் விசிலடித்தால் தலையைச் சுவரில் மோதுவாள். மருமகள் அவளை வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் கோயம்புத்தூருக்கு தெரபிக்கு அழைத்துப் போனாள். உடம்பைச் சுற்றி ஒரே சீரான அழுத்தம் இருந்தால் இவளுக்குப் பதற்றம் அடங்கும் என்று அங்கே கற்றுக்கொடுத்தார்கள். மருமகள் இழுத்தால் நீளும் எங்கள் லைக்ரா துணியையே தைத்து, தொட்டில் மாதிரி ஒரு தூரியாக உத்தரத்தில் மாட்டினாள். குழந்தை அதற்குள் சுருண்டு ஆடும்போது அவள் நெற்றியும் முழங்காலும் துணியில் பதிந்து தெரியும். மூன்றே மாதத்தில் தலையை மோதுவது நின்றது.

அந்தச் சமயத்தில் சின்ன மகனுக்குப் பெண் பார்த்தோம். பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் வந்த மச்சினர் தூரியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க மச்சான், ஏழு வயசுப் புள்ளைக்குத் தூரியா? அடுத்தாப்ல பால்புட்டியுங்களா?"

மறுநாள் மருமகள் குளிக்கப் போன நேரத்தில் தூரியைக் கத்தரியால் அறுத்தேன். கீழே கொண்டுபோய் வேஸ்ட் மூட்டையில் திணித்தேன். குழந்தை மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த மருமகள் வெறும் கொக்கியைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்குமுன் பெண் வீட்டாரின் கார் வந்துவிட்டது.

அவள் காபி போட்டுக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தேன். திறந்திருந்த கதவு வழியாகக் குழந்தை தனியாகப் படியிறங்குவது தெரிந்தது. கீழே ஆபரேட்டர் டீ குடிக்கப் போகிற நேரம். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, அதிர்வு என் உள்ளங்காலில் தெரிந்தது.

"ஊட்ல கொழந்தைங்க இல்லீங்களா?" என்றார் பெண்ணின் தகப்பனார்.

"பேத்தி ஒருத்திங்க. தூங்கறா."

எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். எழவில்லை. காபி வந்தது. குடித்தேன். நூல் விலை பேசினோம்.

"மாமா, பாப்பாவக் காணமுங்க!"

மருமகளுக்குப் பின்னால் நானும் ஓடினேன். மெஷின்களுக்குப் பின்னால், குழாய் வடிவில் பின்னி இறங்கிய, தைக்காத துணிக் குவியலில் ஒரு மடிப்பு லேசாக அசைந்தது. தூரியைத் தேடிப் போனவள், கிடைக்காமல், அந்தக் குழாய்க்குள் தலை முதல் கால் வரை நுழைந்து முறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகள் பல்லால் கடித்துத் துணியைக் கிழித்தாள். குழந்தையின் முகம் கருத்து, உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு நீண்ட கணம் கழித்து இருமினாள். மூச்சு வந்தது.

மகளை மார்போடு இறுக்கிக்கொண்டு மருமகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ கீழ எறங்குனத நீங்க பாக்கலீங்களா மாமா?"

"இல்ல சாமி."

"பாத்திருந்தா உட்டிருப்பீங்களா" என்று அவளே சொல்லி அழுதாள்.

தூரியை அறுத்ததற்காக அவள் என்னை மன்னித்துவிட்டாள். அடுத்த வாரம் புதிதாக ஒன்று தைத்தாள். கொக்கி தாங்குமா என்று இழுத்துப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டாள்.