பூநாரைகள் விலகி நின்ற இடம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டதும் உங்கள் முகம் ஒரு மாதிரி ஆகும், அந்த முகத்தை ஒரு வருஷமாக எல்லோரிடமும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போய்விட்டது. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வருஷக்கணக்காக நைட் ஷிஃப்ட் பார்த்தவன் நான். எந்த வரிசையில் எவன் செத்தான், எந்தப் பெட்டிக்குள்ளிருந்து எவன் தட்டுகிறான் என்று கூட வேலை செய்கிறவர்கள் கதை கதையாய்ச் சொல்வார்கள். அதே பெட்டிகளுக்கு நடுவில் அட்டை விரித்துத் தூங்கியிருக்கிறேன். ஒருத்தனும் தட்டவில்லை, கொசுதான் கடித்தது.

என் பெயர் பெனடிக்ட். ராயபுரத்தில் கேமரா பென்னி என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். டிசம்பர் பிறந்துவிட்டால், லீவு கிடைக்கிற நாளெல்லாம் விடியற்காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு எண்ணூர் கழிமுகத்துக்குப் போய்விடுவேன். தண்ணீர்மேல் பனி படுத்திருக்கும், அதற்குள் பூநாரை, கூழைக்கடா, உள்ளான் என்று பறவைகள் எங்கெங்கிருந்தோ வந்து நிற்கும். சம்பாதித்ததில் எனக்கென்று வாங்கிக்கொண்டது அந்தக் கேமராவும் ஒரு நீள லென்ஸும்தான்.

இப்போது குடில் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெரு முனையில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார்கள், அதற்குப் பின்னால் பெரிதாக ஒரு ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். அதில் எப்போதும் என்ன இருக்கும் தெரியுமா, பனிமலை, பைன் மரம், கலைமான். ராயபுரத்துக்காரன் எவன் பனிமலையைக் கண்டான்? காசிமேட்டில் மீனுக்குக் கொட்டுகிற ஐஸைத் தவிர நாம் எதைப் பார்த்திருக்கிறோம்? இயேசு பிறந்த ஊரில் பைன் மரக்காடு இருந்ததாக எந்தச் சாமியாரும் பிரசங்கம் வைத்ததில்லை. நமக்கென்று ஒரு பனிக்காலம் கிடையாதா, நம் ஊர்ப் பனியைப் பின்னால் வைத்தால் பாலன் பிறக்க மாட்டாரா என்று போன வருஷம் சண்டை பிடித்தேன். குடில் வேலையை முன்னின்று நடத்துகிற ஆட்டோக்காரர் ராயப்பன், தொல்லை தாங்காமல் சரி உன் படத்தையே கொடு என்று விட்டுவிட்டார்.

நான் கொடுத்தது அந்த மாதம் எடுத்ததிலேயே நல்ல படம். பனிக்குள் மங்கலாக அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், வரிசையாக உயர்மின் டவர்கள், அதற்கு இந்தப் பக்கம் சாம்பல் நிறத் தண்ணீரில் பூநாரைக் கூட்டம். தண்ணீர் தெரியாத அளவுக்கு நெருக்கம், ஒரு கை நுழைய இடமில்லை. எல்லாம் வாடைக்காற்றுக்கு எதிராக இடது பக்கம் முகத்தைக் காட்டி நிற்கும். பறவைகள் அப்படித்தான் நிற்கும், இல்லையென்றால் காற்று இறகுக்குள் புகுந்துவிடும்.

ஃபிளெக்ஸைக் கட்டிய அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்னோவே இல்லையே என்றார் ஒருத்தர். இது நம்ம எண்ணூர்தானே, இதைப் போய் ஏன் குடிலில் என்றார் இன்னொருத்தர். சரி போகட்டும் என்று பார்த்தால், ஏஐ-யில் போட்டு எடுத்தியா என்று கேட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில், குளிரில் காத்துக் கிடந்து எடுத்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? எனக்கு வந்த கோபத்தில் தினமும் வேலை விட்டு வந்ததும் குடிலுக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன், யார் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று. ஆகையால் அந்தப் படம் எனக்கு மனப்பாடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், இருட்டத் தொடங்குகிற நேரம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன். தெருவில் நல்ல கூட்டம். நம்பினால் நம்புங்கள், படத்தில் பூநாரைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தது.

வட்டமாக, வெறும் தண்ணீர். இரண்டாவது டவருக்கு நேர் கீழே. பறவைகளைப் படம் எடுக்கிறவர்களுக்கு அது என்னவென்று தெரியும். கூட்டத்துக்குள் ஓர் ஆள் நடந்து போனால் அவை உடனே பறந்துவிடாது, முதலில் நகர்ந்து விலகி நிற்கும், ஆளைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகும். அந்த மாதிரி வட்டம். ஆனால் நடுவில் ஆள் இல்லை. இன்னொன்று, அந்த வட்டத்தின் ஓரத்தில் நின்ற பறவைகள் மட்டும் காற்றுக்கு முகம் காட்டவில்லை, உள்பக்கம் திரும்பி எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்குப் பயமா வந்தது? கோபம் வந்தது. பிரிண்ட் போட்டவன் சொதப்பிவிட்டான், வெயிலில் சாயம் போய்விட்டது என்று நினைத்து அங்கேயே நின்று ஃபிளெக்ஸ் கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். கொடுத்ததைத்தான் அடிச்சோம் என்று அவனும் கத்தினான். சாயம் போனால் பறவை எப்படித் தலையைத் திருப்பும் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

அப்போது என் தங்கை ஸ்டெல்லா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றாள், நான் கவனிக்கவில்லை. போனை வைத்ததும் மெல்லச் சொன்னாள், அவள் வீட்டுக்காரர் சேவியர் மத்தியானம் எண்ணூர் ஆற்றுக்கு நண்டு பிடிக்கப் போனவர் இன்னும் வரவில்லையாம், போன் எடுக்கவில்லையாம். கிறிஸ்துமஸுக்குத் தன் கையால் நண்டு பிடித்து வந்து குழம்பு வைக்க வேண்டும் என்பது சேவியருக்கு ஒரு வெறி.

பக்கத்தில் இருந்த ராயப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார், "நல்ல நாளும் அதுவுமா எங்கனா ஊத்திகினு குந்தினு இருப்பாப்ல. வந்துருவாரு, நீ போய் வேலையப் பாரு தங்கச்சி."

சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். சேவியர் குடிக்கிறவர்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் நடுராத்திரிப் பூசையில் நற்கருணை வாங்காமல் இருக்க மாட்டார், அதற்காக அன்றைக்குத் தொடவே மாட்டார். ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தேன், அந்த வட்டத்தைப் பார்த்தேன்.

எண்ணூரில் எனக்குத் தெரிந்த மீனவர் எல்லப்பன் அண்ணன், என்னைப் படகில் அழைத்துப்போய்ப் பறவை காட்டுகிறவர். அவருக்குப் போன் போட்டேன். பழைய பாலத்துக்கு வடக்கே நான் வழக்கமாக நின்று படம் எடுக்கிற கரைமேடு இருக்கிறதல்லவா, அதற்கு எதிரே இரண்டாவது டவருக்கு நேராகப் போய்ப் பாருங்கள், என் மச்சான் இருப்பார் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். முதலில் போங்கண்ணே என்றேன். வீட்டுக்கு ஓடிப் புதுச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய யார்டு யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் அன்றைக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றன. கர்த்தரே என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே சந்து சந்தாகப் புகுந்து போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது படகு கரைக்கு வந்துகொண்டிருந்தது. எல்லப்பன் அண்ணனும் அவர் தம்பியும் சேவியரைத் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். இரண்டாவது டவருக்கு நேர் எதிரில்தான் கிடைத்திருக்கிறார். ஒரு காலத்தில் கால் வைத்தால் மணல் தட்டுகிற இடம், இப்போது கண்டவன் கொட்டிய அனல்மின் நிலையச் சாம்பல் சேறாகி, வைத்த கால் தொடை வரை இறங்குகிறது. அதைக் கேட்பதற்கு நாதி இல்லை. இரண்டு காலும் மாட்டி, போன் தண்ணீரில் போய், ஆற்றில் தண்ணீர் ஏறி மார்புக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என் தங்கை தாலி அறுத்திருப்பாள்.

நான் குனிந்து அவர் கையைப் பிடித்தேன். அவர் உதறிவிட்டார். பல் கிட்டிக்கொண்டு நடுங்குகிற அந்த நிலையிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"இப்ப இன்னாத்துக்கு வந்தே?"

அதிர்ச்சியில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். மறுநாள்தான் தெரிந்தது, தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவர் சேற்றில் மாட்டிக் கத்திக்கொண்டிருந்தபோது நான் கரைமேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேனாம், ஒரு கயிறு வீசவில்லையாம்.

உங்களுக்கு ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா? அந்த நேரத்தில் நான் தெரு முனையில் நிற்கிறேன், ராயப்பன் எனக்குப் பக்கத்தில், ஸ்டெல்லா இன்னொரு பக்கத்தில், தெருவே சாட்சி. ஆனால் அதே தெரு என்ன சொன்னது தெரியுமா? நீ அங்கே போகவில்லை என்றால் இரண்டாவது டவர் என்று துல்லியமாக எப்படிச் சொன்னாய்? கூட அழைத்துப் போய் விட்டுவிட்டு வந்து, குடிலில் முகத்தைக் காட்டிவிட்டு, அப்புறம் மனசாட்சி குத்திப் போன் போட்டிருப்பாய். என்னோடு நின்று ஃபிளெக்ஸைப் பார்த்துச் சிரித்த வாய்கள் இவை. ஃபிளெக்ஸில் பறவைகள் விலகியிருந்தன என்று சொன்னேன். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். பழையபடி நெருக்கமாக, ஒரு கை நுழைய இடமில்லாமல், எல்லாம் இடது பக்கம் பார்த்து நின்றன. நானும் பார்த்தேன்.

சேவியரின் அண்ணன் வந்து, மாதா கெபிக்கு முன்னால் சத்தியம் பண்ணு, விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்றார். மாட்டேன் என்றேன். உயிரைக் காப்பாற்றியவன் எதற்குச் சத்தியம் செய்ய வேண்டும்? சத்தியம் செய்ய மறுத்ததையும் என் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். ஸ்டெல்லாவும் என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கூடப் பிறந்தவள், என் பக்கத்தில் நின்றவள், அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது பாருங்கள், அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

ஈஸ்டருக்கு நானே போனேன். எல்லோரிடமும் சொல்கிறாயே, என்னிடம் நேராகச் சொல், என்ன பார்த்தாய் என்று சேவியர் முன்னால் உட்கார்ந்தேன். அவரும் தயங்காமல் சொன்னார்.

"பிஸ்தா கலர் சட்டை போட்டுகினு மேட்டு மேல நின்னுகினு இருந்தே மச்சான். உன் தலைக்கு மேல செவப்பு ஸ்டாரு ஒண்ணு எரிஞ்சிகினு இருந்துச்சு. நான் தொண்ட கிழிய கத்துறேன், நீ என்னையே பாத்துகினு கீறே. அப்பால போன எடுத்து யார்கிட்டயோ சண்ட போட ஆரம்பிச்சிட்டே."

அந்தப் பிஸ்தா நிறப் புதுச் சட்டையை அன்று சாயங்காலம்தான் முதல்முதலாகப் பிரித்துப் போட்டேன், எண்ணூருக்குப் போட்டுக்கொண்டு போகவே இல்லை. தெருவில் குறுக்குக் கம்பியில் கட்டிய சிவப்பு ஸ்டார் என் தலைக்கு மேல்தான் தொங்கியது. போனில் சண்டை போட்டதும் நான்தான்.

சேவியர் இன்னும் முடிக்கவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"உன் பக்கத்துல ஸ்டெல்லா. அவ இடுப்புல பாப்பா. பாப்பா மட்டும் எனக்கு டாட்டா காட்டுச்சு."

அடுப்படியில் இருந்த ஸ்டெல்லா வெளியே வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை ஜெனி அன்றைக்கு ஃபிளெக்ஸைப் பார்த்துக் கையாட்டியதாம். பறவைக்கு டாட்டா காட்டுகிறது என்று இவள் நினைத்தாளாம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து சரியாகிவிட்டது. தெரு மட்டும் இன்றைக்கும் என்னை ஓரக்கண்ணால்தான் பார்க்கிறது, பார்க்கட்டும்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டேன்.

மறுபடியும் டிசம்பர் வந்துவிட்டது, தெருவில் ஸ்டார் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவும் சேவியரும் குழந்தையோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். எங்கள் ஹாலில் நான் எடுத்த படம் ஒன்று மாட்டியிருக்கிறது. எண்ணூரில் பனிக்கால விடியல், வெறும் மூட்டமும் தண்ணீரும், ஒரு பறவைகூட இல்லை. நான் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வருகிறேன், ஜெனி நாற்காலிமேல் ஏறி நின்று அந்தப் படத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பென்னி மாமா, டாட்டா."

நான் அவளுக்குப் பின்னால் நிற்கிறேன். பாப்பா, மாமா இங்கே இருக்கிறேன் என்றேன். திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். கொஞ்சம் குழம்பின மாதிரி இருந்தாள், பிறகு மறுபடியும் படத்துக்கே கையாட்டினாள்.

சேவியர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார். கிளம்பும்போது படியில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருசம் ஆத்துப் பக்கம் போவாத மச்சான்," என்றார். ஈஸ்டர் வரைக்கும் என்னைக் கொலைகாரன் என்று சொல்லித் திரிந்த மனுஷன், கண் கலங்கிவிட்டார்.

நான் ஏன் போகக் கூடாது? யாருக்குப் பயந்து? இத்தனை வருஷமாகப் போகிற இடம், என் பறவைகள், என் பனிக்காலம், மூன்று வயசுக் குழந்தை கையாட்டியது என்று கேமராவைப் பெட்டிக்குள் பூட்டுவேனா? பேட்டரி சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் விடியற்காலை அலாரம் அடிக்கிறது, எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கிறேன், விடிந்துவிடுகிறது. வீட்டுக்காரி படத்தைக் கழற்றிவிடலாம் என்கிறாள். அவளுக்குப் புரியவில்லை. கழற்றிவிட்டால், நான் அங்கிருந்து கூப்பிடும்போது பார்ப்பதற்கு யார் இருப்பார்கள்?