இருமல் விழுந்த கேசட்

எங்கள் நல்லூரில் யார் இருமினாலும் பனியன் தூசி என்றுதான் சொல்வோம். திரும்பின பக்கமெல்லாம் நிட்டிங் மிஷின் ஓடுகிற ஊரில் வேறென்ன சொல்வது? அப்படிச் சொல்லாத ஒரே ஆள் டாக்டர் சென்னியப்பன்.

"தூசியா இல்லையான்னு நெஞ்சு சொல்லட்டுங்க" என்று ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிடுவார்.

2003இல் வயதாகிவிட்டதென்று கிளினிக்கை மூடினார். மனுஷன் சும்மா இருக்கவில்லை. தபாலில் தமிழ் எம்.ஏ. படித்தார். புல்லாங்குழல் கற்றுக்கொண்டார். அதற்குக் குக்கர் விசில் எவ்வளவோ தேவலை என்று பக்கத்து வீட்டில் இருந்த நான் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனாலும் விடாமல் ஊதி, சொந்தமாக மெட்டே போட்டார். எந்த மெட்டையும் முதலில் கேட்பது அவர் மனைவி தெய்வாத்தாள்தான். அந்த அம்மாளுக்கு அதில் அவ்வளவு பெருமை.

இரண்டு வருடம் கழித்து, துபாயில் இருந்த மகளுக்கு அனுப்ப அந்த மெட்டுகளைக் கேசட்டில் பதிந்தார். டேப் ரெக்கார்டர் பட்டனை அமுக்கியது நான். பாதியில் தெய்வாத்தாள் இருமிவிட்டார்.

"கொஞ்ச நேரம் அடக்கக் கூடாதா தெய்வா?"

"தூசிங்க மாமா. தானா வந்துருது."

"ஆமா, பக்கத்து மிஷின் தூசி" என்று டாக்டரே சொன்னார். வேறொரு கேசட் போட்டு முதலிலிருந்து வாசித்தார். அன்று முதல் அவர் குழலை எடுத்தாலே அந்த அம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொள்வார். எழுந்து போகவும் மனசு வராது.

சில மாதம் கழித்து, நானும் கூட இருந்த ஒருநாள், கெட்டுப்போன அந்தக் கேசட்டில் வேறு ஏதோ பதியலாம் என்று ஓடவிட்டார். இருமல் வந்தது. நிறுத்தினார். திரும்பவும் அதையே கேட்டார்.

"இது தூசி இருமல் இல்லீங்க. சாதா இருமல்னா 'டக்'குன்னு வெட்டி ஆரம்பிக்கும், அந்த வெட்டு இதுல இல்ல. நெஞ்சுக்குள்ள எதுவோ குரல் நரம்ப அமுக்குது."

கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் கட்டி. பரவிவிட்டிருந்தது. ஊர் நெஞ்சையெல்லாம் கேட்ட காது வீட்டு இருமலைக் கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அவரைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

கடைசி வாரத்தில் ஒருநாள் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். தெய்வாத்தாளுக்குக் குரலே இல்லை, வெறும் காற்றாகத்தான் பேச்சு வந்தது.

"ஏனுங்க மாமா, ஒண்ணு வாசிங்க. நான் இருமாம இருந்துக்கறனுங்க" என்று தலைப்பை வாய்க்கு எடுத்தார்.

டாக்டர் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"இருமு சாமி" என்றார். "நான் கேக்கறேன், இருமு."