ஆயுத பூஜைக்கு மறுநாள் பந்தயம்

கீழப்பழுவூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவர் அரியமுத்து. விஜயதசமிதோறும் ஊர் மன்றத்தார் சைக்கிள் பந்தயம் நடத்துவார்கள். பழுவூரில் கிளம்பி அரியலூர் போய்த் திரும்ப வேண்டும். வருடம் தவறாமல் முதலாவது வருவது அரியலூர் சைக்கிள் கடை ஜமால் பாய், இரண்டாவது நம் அரியமுத்து. ஒரு வருடம் பிரேக் கட்டை உரசியது என்பார், மறுவருடம் பெடல் ஆடியது என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஊரே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. அந்த மனிதர் ஜெயிக்க எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது முகத்திலேயே தெரியும்.

எண்பத்து நான்காம் வருடம் அவர் மனைவி ஆண்டாயி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நாப்பது தாண்டியாச்சு. போன தடவ வுழுந்து முட்டியப் பேத்துக்கிட்டீங்க. இதோட நிறுத்திக்கணும்."

"சரி, இதான் கடைசி. ஜெயிச்சுட்டுத்தான் எறங்குவேன்," என்றார் அவர்.

பூஜைக்கு முந்தைய வாரம் கடையில் ஒரே கூட்டம். அந்த அவசரத்தில் தன் வண்டிக்குப் புதுச் செயின் மட்டும் போட்டார். செயினையும் பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர்தான். பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது. ஊருக்கு உபதேசம், தனக்கில்லை.

ஆயுத பூஜையன்று ஸ்பானர் முதல் சுத்தியல் வரை சந்தனம், குங்குமம் வைத்துப் படைத்தாயிற்று. மறுநாள் பூஜை முடித்து எடுக்கும் வரை ஒன்றையும் தொடக் கூடாது. வண்டிக்கும் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஒரு சுற்று போனார். எழுந்து நின்று அழுத்தி மிதித்ததும் செயின் தாவியது. மறுபடி மிதித்தார், மறுபடி தாவியது. அவருக்கு வியர்த்துவிட்டது.

சுற்றுவட்டாரக் கடைகளிலெல்லாம் பூஜை. திறந்திருக்கும் ஒரே கடை அரியலூரில் ஜமால் பாய் கடைதான். என் ஸ்பானரைத் தொட்டால்தானே குற்றம், இன்னொருவர் ஸ்பானர் என் வண்டியைத் தொடலாம் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, மெதுவாக மிதித்தே அரியலூர் போய்ச் சேர்ந்தார்.

மாலை போட்ட வண்டியைப் பார்த்த ஜமாலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னங்கண்ணே, நாளைக்கு என்னை முந்துறதுக்கு நானே ரிப்பேர் பண்ணணுமா?"

"கேக்க வெக்கமாத்தான் இருக்கு பாய். வேற வழியில்ல."

ஜமால் அதற்கு மேல் கேலி பேசவில்லை. ஃப்ரீவீலைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். முன்பக்கப் பல்சக்கரத்தைத் தடவிப் பார்த்து நன்றாக இருப்பதாகச் சொன்னார். பின்சக்கரத்தின் கோணலை எடுத்தார். தானே எழுந்து நின்று மிதித்துப் பார்த்த பிறகுதான் வண்டியைக் கொடுத்தார்.

மறுநாள் திரும்பி வரும் வழியிலும் அரியமுத்துதான் முன்னால். செயின் ஒரு தடவைகூடத் தாவவில்லை. பழுவூர் நெருங்கும்போது ஜமால் பக்கத்தில் வந்தார். இருவரும் எழுந்து நின்று மிதித்தார்கள். ஜமால் கடந்து போனார். அரியமுத்து இரண்டாவது.

இறங்கியதும் ஜமால் அரியமுத்துவின் வண்டியைத்தான் முதலில் பார்த்தார். "செயினு தாவுச்சாண்ணே?"

"இல்ல பாய்."

ஆண்டாயி சொம்பில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடமும் கேட்டதைத்தான் கேட்டார். "இந்தத் தடவ வண்டியில என்னவாம்?"

அரியமுத்து தண்ணீரைக் குடித்து முடித்தார். "வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் முடியல, ஆண்டாயி."

பந்தயத்தை விடச் சொல்லிப் பல வருடம் சண்டை போட்டவர் ஆண்டாயி. அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் அவர்தான் அழுதார்.